ரெட்வுட் காட்டில் எதற்கு டிக்கெட் எடுக்கலாம்?

கேள்வி: ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று மொத்தம் ஆறு பேர் சான் ஹோசேவிலிருந்து வாடகை மினிவேனில் வட கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களைப் பார்க்கப் போகிறோம். 101 நெடுஞ்சாலையோரம் ‘ட்ரீஸ் ஆஃப் மிஸ்டரி’, ‘கன்ஃப்யூஷன் ஹில்’, காரோடு புகுந்து வெளியே வரும் மரம் என்று நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுத்தால் கையைக் கடிக்கும். எதை விடலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்புறம், அங்கே விற்கும் ‘பர்ல்’ வாங்கி ஊருக்குக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: மரங்களைப் பார்ப்பதற்காக மட்டும் நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டியதே இல்லை. ரெட்வுட் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 31 மைல் நீளும் ‘அவென்யூ ஆஃப் த ஜயண்ட்ஸ்’ சாலையில் போவதும் இலவசம்தான். அந்த வழியிலுள்ள ஃபவுண்டர்ஸ் குரோவில் கட்டாயம் இறங்குங்கள். அரை மைல் சுற்றுப் பாதை, மேடு பள்ளம் இல்லாதது. அம்மா நிதானமாக நடக்கலாம். 1991-ல் சாய்ந்த ‘டயர்வில் ஜயண்ட்’ அங்கேயே கிடக்கிறது. படுத்துக் கிடக்கும்போதே அதன் அடிமரம் ஆளைவிட உயரம். பிள்ளைகளை வேர்ப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கமாக நடக்கவிடுங்கள். நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்தால் பிடிபடாத நீளம் அப்போது புரியும்.

பணம் கொடுப்பது வேடிக்கைக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஒன்றுக்குத்தான் டிக்கெட் என்றால், கிளமத்தில் 1946 முதல் இருக்கும் ட்ரீஸ் ஆஃப் மிஸ்டரிக்கு எடுங்கள். அதிலும் பாதி இலவசம். அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் மரவெட்டி பால் பன்யனின் 49 அடிச் சிலையும், அவனுடைய நீலக் காளையும் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கின்றன. சிலை ஒலிபெருக்கி வழியாக வருகிறவர்களோடு பேச்சுக் கொடுக்கும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பரிசுப்பொருள் கடையோடு சேர்ந்த பூர்வகுடியினர் அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. டிக்கெட் காட்டுப் பாதைக்கும், மர உச்சிகளினூடே போகும் தொங்கு பாலங்களுக்கும், கம்பிவட வண்டிக்கும்தான். மலையிலிருந்து நடந்து இறங்கும் பாதை செங்குத்து. அம்மா ஏறிய வண்டியிலேயே இறங்கிவிடட்டும்.

1949-ல் தொடங்கிய கன்ஃப்யூஷன் ஹில்லில் வீட்டையே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். கண் அதை நேரான வீடு என்று நம்பிவிடுவதால் தண்ணீர் மேல்நோக்கி ஓடுவதாகத் தோன்றும். நடக்கும்போது தடுமாற்றம் வரும். முழங்கால் வலியோடு வேண்டாம்.

காரோடு புகுந்து வெளியே வரும் மரங்களில் ஒன்றான, லெகெட்டில் இருக்கும் ஷாண்டலியர் மரத்தில்தான் கவனம் தேவை. 1930களில் குடைந்த அந்த வழி சுமார் 6 அடி அகலம், 6 அடி 9 அங்குல உயரம். இன்றைய மினிவேன்கள் பக்கக் கண்ணாடிகளை மடக்கிய பிறகும் ஏறக்குறைய ஆறரை அடி அகலம். வாடகை வண்டியில் கீறல் விழுந்தால் காப்பீடு இருந்தாலும் பழுதுச் செலவில் முதலில் ஒரு பகுதி பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இதை விட்டுவிடலாம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1881-ல் இப்படிக் குடைந்த வவோனா மரம் 1969-ல் பனிச் சுமையில் சாய்ந்துபோனது. உயிருள்ள மரத்தின் அடியைக் குடைவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கடைசியாக பர்ல். அடிமரத்தில் புடைத்து நிற்கும் முண்டு அது. அதிலிருந்துதான் மரம் மறுபடி துளிர்க்கும். திருட்டுத்தனமாக வெட்டுகிறவர்கள் அதிகமானதால் 2014-ல் பூங்காவின் நியூட்டன் பி. ட்ரூரி சாலையையே இரவில் மூடினார்கள். அதனால் எங்கிருந்து வெட்டிய மரம் என்று கடையில் கேளுங்கள். தனியார் நிலத்து மரம் என்று தெளிவாகச் சொல்லி ரசீது தந்தால் மெருகேற்றிய கிண்ணமோ தட்டோ வாங்கலாம். மழுப்பினால் வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீர்த் தட்டில் துளிர்விட்டிருக்கும் உயிர்த் துண்டை ஊருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். உயிருள்ள செடியை இந்தியாவுக்குள் கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்யலாம்.