சீட்டிலிருந்து உள்பக்கமாக இடுப்பை இறக்கியும் வளைவில் ஸ்போர்ட் பைக் வெளியே ஓடுவது ஏன்?

பெரும்பாலும் கைதான் காரணம். இடுப்பை இறக்கிவிட்டுத் தலையையும் தோளையும் டேங்குக்கு மேலேயே வைத்தால், உடம்பு ஹேண்டில்பாரில் தொங்கும். வண்டி திரும்ப மறுக்கும்.

பிரேக் பிடிக்கும் முன்பே பாதி இடுப்பை சீட்டின் உள்பக்கம் நகர்த்திவிடுங்கள். முன்பாதம் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கம்பியில்) இருக்கட்டும். வெளிப்பக்கத் தொடையும் முழங்காலும் டேங்கை இறுக்கிப் பிடித்தால்தான் முழங்கை தளரும். தாடையை உள்பக்கக் கண்ணாடியை நோக்கிக் கொண்டுபோய், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். இடது வளைவென்றால் இடது கைப்பிடியை மெதுவாக முன்னே தள்ளுங்கள். வண்டி இடதுபக்கம் சாயும். சாய்ந்தபின் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடாதீர்கள், முன்சக்கரத்தில் பாரம் ஏறும்.

சென்னை எண்ணூர் விரைவுச் சாலையில் இதை அளவோடு செய்யுங்கள். கன்டெய்னர் லாரிகள் போகிற அந்த வளைவுகளில் மணலும் டீசலும் கிடக்கும். அங்கே வேகத்தைக் குறைத்து, மேலுடம்பை மட்டும் உள்ளே சாய்த்தால் போதும். முழங்கால் தரையில் உரசும் ஆசைக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது.