புதிய தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிப்பவர்களை எது உந்துகிறது? பழைய தலைமுறை ஏன் மாற மறுக்கிறது?

கேள்விக்குக் கீழே, "கடைக் கணக்கை டேலிக்கு மாற்றலாம் என்றால் அப்பா பேரேட்டைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கடை இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். கணக்கு உங்கள் லேப்டாப்பில் ஏறிவிட்டால் கல்லாச் சாவியும் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். நான் தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் கும்பகோணத்தில் டிடிபி வேலை, அதாவது கணினியில் எழுத்தடித்து அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை பார்ப்பவள். 1996-இல் ஆரம்பித்தேன், இன்றும் அதே வேலைதான். அப்பா ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பவர். இடது கையில் எழுத்தைக் கோக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துகள் கிடக்கும் கேஸ் பெட்டியில் மேய்ந்துகொண்டிருக்கும், கண் அச்சடிக்க வேண்டிய மேட்டரில் இருக்கும். எந்தப் பள்ளத்தில் எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரியும். ஈய எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாற்றிப் படிப்பார். வீட்டில் செய்தித்தாளை நான் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் எதிரே உட்கார்ந்து கடகடவென்று படித்துவிடுவார்.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் அச்சிட்டுக் காட்டியதுதான். துதிக்கை வைத்த லை, சுழித்து எழுதிய ணா, றா, னா என்று 13 எழுத்துகள் போயின. "பதிமூணு பள்ளம் காலியாச்சு, நாலு நாள் கை அங்கேயே போய்ட்டு வந்துச்சு" என்பார் அப்பா. அந்த மாற்றத்துக்கு அவர் முணுமுணுக்கவில்லை, வேலை குறைந்தது என்று சந்தோஷம்தான் பட்டார். அதனால் பழைய ஆட்கள் எதையுமே மாற்ற விட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

1996-இல் முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கினார். அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருக்குல்ல, அனுப்பி வைங்க" என்றார். அப்பா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளைக்கு எட்டரைக்குக் கிளம்பிடு பாப்பா" என்றார். அவ்வளவுதான். அவர் ஒன்றரை மணி நேரம் நின்று கோத்த பக்கத்தை நான் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்தில் அடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் வந்து அவர் வேலை போச்சு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கம்ப்யூட்டர் சும்மாதான் உட்கார்ந்திருந்தது, அடித்தது நான். அவரைப் பாதிச் சம்பளத்தில் ப்ரூஃப் பார்க்க என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் ஒரு மாதம் சிவப்புப் பேனாவால்தான் என்னிடம் பேசினார்.

இனி உங்கள் முதல் கேள்வி. என்னைப் போல இந்தத் தொழிலிலேயே கிடந்தவர்கள் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்குப் பழையதில் சோறு இருந்தது. தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பக்கம் போனவர். கணினிக்கு முரசு மென்பொருளை 1985-இல் கொடுத்த முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். மயிலை எழுத்துருவைச் செய்து, 1998 பொங்கலன்று தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். தேனீ எழுத்துருவைத் தந்த அதிராம்பட்டினத்து உமர் தம்பி துபாயில் வேலை பார்த்தவர். அவ்வளவு ஏன், எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் போட்ட பாதிரியார் சீகன்பால்கு ஜெர்மனிக்காரர். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்களாம். அப்பாவுக்கு மிகவும் பிடித்த கதை இது.

உள்ளூரில் இருப்பவனுக்குத் தமிழில் எழுத ஒரு பேனா போதும். நாலு கடல் தாண்டி இருப்பவனுக்கு அது போதவில்லை. என் கணக்கில் அவர்களை உந்தியது அந்தப் போதாமைதான். "ஈரோட்டுப் பெரியார் எந்தக் கடல் தாண்டினார்?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்தது. நான் பழகியது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு. அதில் தமிழ் என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை, அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டை ஏற்றது. நான் 2015 வரை நகரவில்லை. டிடிபி-காரர்களின் சோம்பேறித்தனம் என்பார்கள். ஐயா, பேஜ்மேக்கரில் யூனிகோடு தமிழ் வராது. பக்கம் அமைக்கும் அந்த மென்பொருள்தான் அன்று எங்கள் பிழைப்பே. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள், புது விசைப்பலகை பழகும் மூன்று மாதம் எதைச் சாப்பிடுவாள்?

2016-இல் கௌரி டீச்சர் வந்தார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஏழு வருடம் முன்பு நான் பாமினியில் அடித்துக் கொடுத்த கட்டுரைத் தொகுப்பை மின்னூலாக்க வேண்டும் என்றார்கள். எழுத்துருவை மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கி, 212 பக்கத்தையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்போது அவருக்கு 76 வயது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எட்டு நாள் படித்து 11 பிழை கண்டுபிடித்தார். திருத்தி அனுப்பினேன். ஒரு வாரத்தில் டீச்சரின் பேரன் போன் செய்தான்: "அக்கா, உள்ளே எங்க பாட்டி பேரைத் தேடினா வரவே மாட்டேங்குது."

திறந்து பார்த்தால் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. அப்பாவும் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் கர்சரை அந்த முதல் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டினாள். 'கெ' மிச்சம் நின்றது. சரியான கௌ என்றால் 'க' அல்லவா நிற்க வேண்டும்! அங்கே இருந்தது கெ, அதை அடுத்து ள. கண்ணுக்குக் கௌரி, கணினிக்குக் கெ-ள-ரி. மௌனம், கௌரவம், பௌர்ணமி என்று புத்தகம் முழுக்க இதே கதை.

காரணம் எங்கிருந்து வருகிறது பாருங்கள். 247 எழுத்தையும் கைக்கடக்கமான பொறிக்குள் அடக்க முத்தையா பட்ட பாட்டில் பிறந்ததுதான் நகரா விசை. புள்ளியையும் கொக்கியையும் முதலில் அடித்தால் காகிதம் நகராது, அதே இடத்தில் மெய்யை அடிக்கலாம். விசைகள் கொஞ்சம்தான் என்பதால் தமிழ்த் தட்டச்சில் ௌ-வின் வால்பகுதிக்குத் தனி விசை கிடையாது, ள-வையே அடிப்போம். காகிதத்தில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? அப்பாவின் கேஸ் பெட்டியிலும் அப்படித்தான். அந்தப் பழக்கம் என் விரலோடு பாமினிக்கு வந்து, அங்கிருந்து மின்னூலுக்குள்ளும் ஏறிவிட்டது. முத்தையாவைக் குறை சொல்லவில்லை, அந்த மனிதர் செய்தது மலையைப் புரட்டிய வேலை.

அப்பா அன்று சாயங்காலம் வரை அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்குத் தெரியாத பிழையை எப்படிம்மா திருத்துறது?" என்றார். அதற்குப் பிறகு யூனிகோடு வேலை எதற்கும் ப்ரூஃப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். மாற மறுக்கிறார் என்று நீங்கள் சொல்வது இதையாகவும் இருக்கலாம்.

இதற்குச் சம்பந்தமில்லாதது ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை தொழில்நுட்பம் மாறியும் கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் மாறவே இல்லை. மேட்டரை வாட்ஸப்பில் கசங்கிய தாளின் படமாக அனுப்புவது, மூன்று முறை சரிபார்த்து ஓகே சொல்வது, ஆயிரம் பிரதி அடித்த பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு "பெரியப்பா பேருக்குப் பின்னாடி பி.ஏ. விட்டுப்போச்சு, அவர் சம்பந்தி வீட்டுக்கே வர மாட்டேங்கிறார்" என்று சண்டை போடுவது. மறு அச்சுக்குக் காசு கேட்டால், "நீங்க அடிக்கிறது என்ன பெரிசு, என் பையன் போன்லயே பண்ணிடுவான்" என்பது. பண்ணச் சொல்லுங்களேன்!

நான் இப்போது தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிக்கிறேன், அதில் மெய்யை அடித்த பிறகுதான் உயிர். 40 வயதில் பழகியது. இன்னும் அவசரத்தில், பாமினியில் போலக் கொம்பு முதலில் வரும் என்று கை தேடும். மகள் போனில் பேசினாலே எழுத்து வந்து விழுகிறது. ள, ழ சந்தேகம் வந்தால் தாத்தாவிடம் போய் நிற்கிறாள். அந்த வேலையை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.

டேலி பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஏதாவது உங்கள் கடையில் இருந்து அதை யூனிகோடுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், மாற்றியவுடன் கெள, பெள, மெள என்று மூன்றையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். அப்படியே ர வர வேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் கண்ணுக்கு ஒன்றுபோல்தான் தெரியும்.