ஒரே செல்லுக்குள் ஆயிரம் மாதிரிகள்

கேள்வி: திட்டச் செலவுகளின் இடர்ப்பாட்டை எக்செல்லில் கணக்கிட்டு வருகிறோம். வேறொரு பிரிவு அனுப்பிய கோப்பில், ஒரே செல்லுக்குள் பொருள் விளங்காத எழுத்துகள் நீளமாக நிறைந்திருந்தன; அவை ஆயிரம் மாதிரி மதிப்புகள் என்கிறார்கள். எண்களை ஏன் இப்படி எழுத்தாக்க வேண்டும்? சுருக்கும்போது துல்லியம் போய்விடாதா?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘டிஸ்ட்’ எனப்படும் வடிவமாக இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாம் சாவேஜ் முன்னெடுத்த நிகழ்தகவு மேலாண்மை முயற்சியில் உருவான இது, உருவகக் கணக்கின் (நிச்சயமற்ற சூழல்களைக் கணினியில் பலமுறை கற்பனையாக ஓட்டிப் பார்க்கும் கணக்கின்) முடிவுகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சிதையாமல் கொண்டுசெல்வதற்கானது. பெயர், சராசரி, மீச்சிறு மதிப்பு, மீப்பெரு மதிப்பு, எண்ணிக்கை ஆகியவற்றைத் தாங்கிய எக்ஸ்எம்எல் குறியீட்டுக்குள் (தகவலைப் பெயரிட்டு எழுதும் உரைவடிவத்துக்குள்) அந்த எழுத்துத் தொடர் அமைந்திருக்கும்.

ஒவ்வொரு மாதிரியும், மீச்சிறு மதிப்புக்கும் மீப்பெரு மதிப்புக்கும் இடையில் அது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் 0 முதல் 65,535 வரையிலான முழு எண்ணாக மாற்றப்பட்டு, இரண்டு பைட்டுகளில் அடங்கிவிடுகிறது. பைட்டுகளை அப்படியே எக்ஸ்எம்எல்லில் வைக்க முடியாது என்பதால், மூன்று பைட்டுகளுக்கு நான்கு எழுத்துகள் என்ற கணக்கில் பேஸ்64 முறையில் (64 எழுத்துக்குறிகளால் பைட்டுகளைக் குறிக்கும் முறை) எழுதுகிறார்கள். ஆயிரம் மாதிரிகளுக்கு 2,668 எழுத்துகள் போதும். பதினைந்து இலக்கங்களோடு காற்புள்ளியிட்டு எழுதினால் ஏறத்தாழ 17,000 ஆகும். எக்செல் செல் ஒன்று 32,767 எழுத்துகளைத்தான் ஏற்கும் என்பதை நினைத்தால், பத்தாயிரம் மாதிரிகளும் (26,668 எழுத்துகள்) ஒரே செல்லில் அடங்குவது எவ்வளவு பெரிய வசதி என்பது புரியும்.

துல்லியம் சிறிது குறையத்தான் செய்யும். செலவு 0 முதல் 65,53,500 ரூபாய் வரை என்றால் ஒவ்வொரு படியும் 100 ரூபாய். பிழை 50 ரூபாயைத் தாண்டாது. மதிப்பீட்டிலேயே லட்சக்கணக்கில் ஐயம் இருக்கும்போது இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் தட்டச்சுப் பிழையால் ஒரே ஒரு மாதிரி 655.35 கோடியாகப் பதிவாகிவிட்டால், படி ஒரு லட்சமாக விரிந்து, மற்ற 999 மதிப்புகளும் மழுங்கிவிடும். ஆகவே, கோப்பு கைக்கு வந்தவுடன் மீப்பெரு மதிப்பைப் பாருங்கள்.

என் பார்வையில், துல்லியத்தைவிட அதிகமாகக் காக்க வேண்டியது வரிசையை. கச்சா எண்ணெய் விலைக்கு ஒரு தொடர், போக்குவரத்துச் செலவுக்கு இன்னொரு தொடர் இருக்கிறது என்று கொள்வோம். முதல் தொடரின் 417ஆம் மதிப்பும் இரண்டாம் தொடரின் 417ஆம் மதிப்பும் ஒரே கற்பனைச் சூழலில் பிறந்தவை. எண்ணெய் விலை ஏறிய சூழலில் செலவும் ஏறியது என்ற உறவு அந்த இடப்பொருத்தத்தில்தான் பதிந்திருக்கிறது. யாராவது ஒருவர் ‘ஒழுங்குபடுத்துகிறேன்’ என்று இரண்டையும் தனித்தனியே ஏறுவரிசையில் அடுக்கினால், சராசரியும் பரவலும் துளியும் மாறாமல், உறவு மட்டும் பொய்யாக முழுமை பெற்றுவிடும். ஒன்றை மட்டும் கலைத்துப் போட்டால் உறவே அற்றுப்போகும். தொடர்களைத் தனித்தனியே வரைந்த வரைபடத்தில் எந்தக் குறையும் தெரியாது, கூட்டுத்தொகையின் இடர்ப்பாடு மட்டும் தவறாக வரும்.

அதனால் அந்தப் பிரிவினரிடம் துல்லியத்தைக் கேட்பதற்கு முன், அனுப்பிய தொடர்கள் அனைத்தும் ஒரே உருவக ஓட்டத்தில் எடுக்கப்பட்டவையா என்பதையும், இடையில் எவரேனும் வரிசையை மாற்றினார்களா என்பதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.