தாளித்தாலே அலறும் அலாரம்

புகை அலாரம் ஒன்று வாங்கிச் சமையலறையில் மாட்டினேன். கடுகு வெடித்தாலே அலறுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா? — வாசகி, கோவை

அலாரம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, இடம்தான் தப்பு. கழற்றி, படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் மாட்டுங்கள். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சமையலறைக்கு வெப்ப அலாரம் வாங்குங்கள். அது தாளிப்புப் புகையைக் கண்டுகொள்ளாது. கூரையருகே சூடு ஏறினால்தான், பல மாடல்களில் 57 டிகிரி செல்சியஸ் வாக்கில், கத்தும். அதே காரணத்தால் அது படுக்கையறைக்கு ஆகாது. மெத்தை கனலும்போது அறை சூடாவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். ஏசி போட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிறவர்கள் ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒரு புகை அலாரம் வைக்க வேண்டும். ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகிற இணைப்பு வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஹால் நடுவில் ஃபேன் இருக்கிறது. மூலையில் மாட்டலாமா? — திருச்சி

மூலை வேண்டாம். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் காற்று நகராது. புகை அங்கே தாமதமாகத்தான் வரும். கூரையில் மாட்டினால் சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் தள்ளி, ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து 90 செ.மீ. விலகி மாட்டுங்கள். சுவரில் மாட்டினால் அலாரத்தின் மேல் விளிம்பு கூரைக்குக் கீழே 10 முதல் 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும், வெந்நீர் ஆவி வரும் குளியலறை வாசலும் ஆகாது.

'வீட்டுக்கு ஏற்ற ஸ்மோக் டிடெக்டர்' என்று போட்டிருந்தார்கள். இணையத்தில் நான்கு வாங்கினேன். ஊதுபத்தி காட்டினாலும் சத்தமே இல்லை. 'பொருளில் பழுதில்லை' என்கிறார் விற்றவர். — ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லை

ஐயா, உங்கள் மேல் தப்பே இல்லை. திருப்பிப் பாருங்கள்: வயர் முடுக்கும் திருகுகள் மட்டும் இருக்கும், பேட்டரி அறை இருக்காது. அது அலுவலகங்களில் 24 வோல்ட் கன்ட்ரோல் பேனலோடு, அதாவது கட்டடத்தின் தீ அலாரங்களை இயக்கும் பெட்டியோடு, இணைக்கும் தலைப்பகுதி. புகையை உணர்ந்து பேனலுக்குச் சொல்லும். ஊளையிடுவது தனியாக இருக்கும் ஹூட்டர். பேனல் இல்லாத வீட்டில் அது வெறும் வெள்ளை டப்பா. என் மேசை டிராயரிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. இதை வீட்டுக்கு என்று விற்பது பச்சை ஏமாற்று. 'பழுதில்லை' என்பது அதைவிடப் பெரிய ஏமாற்று. விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அடுத்து வாங்கும்போது பேட்டரி, டெஸ்ட் பட்டன், '3 மீட்டரில் 85 டெசிபல்' என்ற குறிப்பு, மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பிராணி போடும்போது பிளாஸ்டிக் கவரால் மூடி வைக்கலாமா?

கூடாது. கவரை எடுக்க மறப்பீர்கள். சில நிமிடம் அடக்கி வைக்கும் பட்டன் உள்ள மாடல் வாங்குங்கள்.

கேஸ் கசிந்தால் இது சொல்லுமா?

சொல்லாது. அதற்குத் தனி கேஸ் டிடெக்டர் வேண்டும். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். ஆகவே தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள்.

பீப் பீப் என்று தொந்தரவு செய்தது. பேட்டரியை உருவிவிட்டேன். 2013-ல் வாங்கியது, நல்ல கம்பெனி. — சென்னை

பேட்டரி தீர்கிறது என்றோ, ஆயுள் முடிந்தது என்றோ அது சொன்னதைத்தான் தொந்தரவு என்கிறீர்கள். எந்தக் கம்பெனியானாலும் பின்பக்கத்தில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியிலிருந்து 10 ஆண்டுதான் கணக்கு. புதிது வாங்குங்கள், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வெள்ளையடிக்க வருகிறவர் அதன் மேலும் பெயின்ட் அடித்துவிட்டால் 10 ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மாற்றுங்கள்.