டிரிஸ் ஸ்பீக்கர்: இரண்டாவது பேஸுக்குப் பின்னாலேயே நின்றவர்

1907 முதல் 1928 வரை அமெரிக்க பேஸ்பாலில் ஆடிய சென்டர் ஃபீல்டர் (இரண்டாவது பேஸுக்கு, அதாவது ஓடுபவர் தொட்டுச் செல்லும் நான்கு இடங்களில் ஒன்றுக்கு, வெகு பின்னால் நடுவில் நிற்பவர்) டிரிஸ் ஸ்பீக்கரைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், அவர் பிறவியிலேயே இடக்கைக்காரரா?

இல்லை. டெக்சஸில் ஹப்பர்ட் என்ற சிற்றூரில் 1888-இல் பிறந்தவர். சிறுவயதில் குதிரையிலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. அப்புறம்தான் இடக்கையால் எறியப் பழகினார்.

கேள்வி: சென்டர் ஃபீல்டர் தள்ளித்தானே நிற்பார்? இவர் ஏன் அவ்வளவு முன்னால் வந்தார் அண்ணா?

அவர் ஆட்டத்தின் உயிரே இதுதான். அந்தக் காலத்தில் முடிந்தவரை ஒரே பந்தை வைத்தே ஆட்டத்தை ஓட்டுவார்கள். அது அழுக்கேறி மெத்தென்று ஆகிவிடும். பிட்சர் (பந்து வீசுபவர்) எச்சில் தடவி வீசவும் தடையில்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து தூரம் போகாது, ஹோம் ரன் (பெரும்பாலும் பந்து மைதான எல்லையைத் தாண்டும் அடி) அபூர்வம். பல அடிகள் பேஸ்களுக்கு அருகில் நிற்கும் இன்ஃபீல்டர்களைத் தாண்டிச் சற்றுப் பின்னால் விழும். அந்த இடத்திலேயே போய் நின்றார் ஸ்பீக்கர். பந்து தலைக்கு மேல் பறந்தால், அடித்த மறுகணமே முதுகைத் திருப்பி ஓடிப் பிடிப்பார். கிரிக்கெட்டில் மிட்-ஆஃபில் நின்றபடி லாங்-ஆஃபையும் ஒருவரே கவனித்துக்கொள்வதுபோல.

அங்கே நின்றதால், பந்தைப் பாய்ந்து பிடித்து, இரண்டாவது பேஸை விட்டுக் கிளம்பிய ரன்னர் திரும்புவதற்குள் தானே ஓடி அந்த பேஸை மிதித்து, அடித்தவர், ரன்னர் இருவரையும் அவுட்டாக்குவார். பின்னால் தள்ளி நிற்கும் ஓர் அவுட்ஃபீல்டர் இதை ஒருமுறை செய்தாலே பெரிது!

கேள்வி: அப்படிப்பட்டவரை அவருடைய பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஏன் விட்டது?

பணம்தான். ஃபெடரல் லீக் என்ற எதிர்ப் போட்டி லீக் இருந்தவரை, ஆட்டக்காரர்கள் அங்கே போய்விடக் கூடாதே என்று சம்பளத்தை ஏற்றினார்கள். 1915-உடன் அது மூடப்பட்டதும் ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஜோசப் லானின் சம்பளத்தை வெட்டினார். ஸ்பீக்கர் ஒப்பவில்லை. இரண்டு ஆட்டக்காரர்களையும் 55,000 டாலரையும் வாங்கிக்கொண்டு க்ளீவ்லாந்து அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டே, 1916-இல், .386 பேட்டிங் சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 386 ஹிட் என்ற விகிதம்) அடித்து, டை காப் என்ற ஆட்டக்காரர் பல வருடமாக வைத்திருந்த பேட்டிங் பட்டத்தைப் பறித்தார். பாஸ்டனும் அந்த ஆண்டு உலகத் தொடரை (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வென்றது, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: 1920-இல் நடந்த மரணம்?

ஆகஸ்ட் 16, நியூயார்க். கார்ல் மேஸ் வீசிய பந்து க்ளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பட்டது. அப்போது ஹெல்மெட் கிடையாது. மறுநாள் இறந்தார். ஸ்பீக்கருக்கு நெருங்கிய நண்பர். ஆட்டக்காரரும் மேலாளருமாக இருந்த ஸ்பீக்கர், இடிந்துபோன அணியைத் தேற்றி, தானும் .388 அடித்து, ப்ரூக்ளினைத் தோற்கடித்து க்ளீவ்லாந்துக்கு முதல் உலகத் தொடரை வாங்கித்தந்தார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு இதுதான் பெரிய சாதனை.

கேள்வி: எந்தச் சாதனை இன்னும் நிற்கிறது?

792 டபுள்கள் (அடித்தவர் ஒரே அடியில் இரண்டாவது பேஸை எட்டுவது). அடுத்த இடத்தில் உள்ள பீட் ரோஸ் அடித்தது 746. அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்து அவுட்டுக்கு உதவிய 449 அசிஸ்ட்களும் அப்படியே நிற்கின்றன. டபுள் சாதனையை என்றாவது யாராவது தாண்டலாம். ஆனால் இன்றைய பந்து பறக்கும் தூரத்துக்கு யாரும் அவ்வளவு முன்னால் நிற்க முடியாது. 449-ஐத் தொட ஆளில்லை.