கேள்வி-பதில்: மாடல் கிட்டுக்கு ஏர்பிரஷ், எதை வாங்குவது, எப்படிக் கழுவுவது

கேள்வி: 1/72 அளவு விமான மாடல்களும் 1/35 அளவு டாங்கி மாடல்களும் செய்கிறேன். இதுவரை கைபிரஷ்தான். காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷை முதல் முறையாக வாங்கப் போகிறேன். 0.2 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனைத் துளை) இருந்தால்தான் நுணுக்கமாக அடிக்க முடியும் என்கிறார்களே?

பதில்: 0.2 இப்போதைக்கு வேண்டாம். பிரைமரும் (முதல் பூச்சு) மெட்டாலிக் பெயிண்டும் அதில் சுலபமாக அடைத்துக்கொள்ளும். அடிக்கிற நேரத்தைவிடக் கழற்றுகிற நேரம் கூடிவிடும். 0.3 அல்லது 0.35 மி.மீ. நாசில், மேலே கப் வைத்த கிராவிட்டி ஃபீட், அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட் என்று வேலை செய்யும் டபுள் ஆக்‌ஷன். நீங்கள் சொன்ன இரண்டு அளவு கிட்டுக்கும் இது போதும். பெயிண்டைச் சரியாகக் கரைத்து, அழுத்தத்தைக் குறைத்து, கிட்டத்தில் வைத்து அடித்தால் கமோஃபிளாஜ் ஓரங்களும் பேனல் கோட்டு நிழலும் இதிலேயே வரும்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றையும் பாருங்கள்: நாசில் எப்படி உட்காருகிறது என்பதை. சிலவற்றில் அரிசியை விடச் சின்ன நாசிலை ஸ்பேனர் வைத்துத் திருக வேண்டும். கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மரை உடைந்து தலைக்குள்ளேயே தங்கிவிடும். இவாட்டா எக்ளிப்ஸ், ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷன் போன்றவற்றில் நாசிலை அதன் இடத்தில் வைத்து மேலே மூடியைத் திருகினால் போதும், ஸ்பேனர் தேவையில்லை. புதியவர் கைக்கு இந்த வகைதான் பாதுகாப்பு.

விலை மலிவான செட்டை நான் ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். ஆனால் பணம் கொடுக்கும் முன் அந்த மாடலின் நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், ஊசி முனை ஒரு தடவை மேசையில் இடித்தாலே அந்த ஏர்பிரஷின் ஆயுள் முடிந்தது.

கேள்வி: காற்றைச் சேமிக்கும் டாங்க் இல்லாத சின்ன கம்ப்ரசர் விலை குறைவாக இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. பிஸ்டன் கம்ப்ரசர் காற்றைத் துடிப்புத் துடிப்பாகத்தான் தள்ளும். நுண்ணிய கோடு போடும்போது அந்தத் துடிப்பு பெயிண்டில் தெரியும். 3 லிட்டர் டாங்க் அதைச் சமன்படுத்திவிடும், மோட்டாருக்கும் இடையிடையே ஓய்வு கிடைக்கும். கூடவே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், நீர் பிடிப்பான் இரண்டும் வேண்டும். அழுத்தும்போது சூடாகும் காற்று குழாயில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் துளியாகிறது. அந்தத் துளி ஒன்று நாசில் வழியாக வந்தால் புதிதாக அடித்த இறக்கையில் வட்டமாகக் கறை விழும். வேலை முடிந்ததும் டாங்குக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

அழுத்தத்தை டிரிகரை அழுத்திக் காற்று ஓடும் நிலையில் பார்த்து வையுங்கள். சும்மா இருக்கும்போது 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காட்டும் முள், காற்று ஓடினால் இறங்கிவிடும். பொதுவான வேலைக்கு ஓட்டத்தில் 15 முதல் 20 பிஎஸ்ஐ.

கேள்வி: தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பயன்படுத்துகிறேன். ஐந்து நிமிடம் நன்றாக வரும், பிறகு ஒன்றும் வராது. டிரிகரை இன்னும் இழுத்தால் திடீரென்று புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறது. ஏர்பிரஷ் பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பழுதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை நின்றவுடன் ஊசி முனையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முனையைச் சுற்றிக் காய்ந்த பெயிண்ட் சின்ன மொட்டுப் போல ஒட்டியிருக்கும். அது வழியை அடைக்கிறது. நீங்கள் இழுக்க இழுக்கப் பின்னால் பெயிண்ட் சேர்கிறது. மொட்டு பிய்ந்ததும் எல்லாம் ஒன்றாகப் பாய்கிறது. வேகமாக ஓடும் காற்று முனையிலுள்ள நீரை உலர்த்துவதுதான் காரணம். அதனால் அழுத்தத்தைக் கூட்டி அடைப்பைத் தள்ளப் பார்ப்பது நோயையே மருந்தாகக் கொடுப்பது.

அழுத்தத்தை 15 பிஎஸ்ஐ பக்கம் இறக்குங்கள். பத்துத் துளி பெயிண்டுக்கு ஒன்றிரண்டு துளி ரிடார்டர் அல்லது ஃப்ளோ இம்ப்ரூவர் (முனையில் காய்வதைக் குறைக்கும் திரவங்கள்) சேருங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை, அந்தப் பெயிண்டுக்குரிய கிளீனரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனையை மெல்லத் துடையுங்கள். ஒவ்வொரு வீச்சையும் காற்றோடு தொடங்கிக் காற்றோடு முடியுங்கள்: முதலில் காற்று, பிறகு பெயிண்ட், முதலில் பெயிண்டை நிறுத்தி, பிறகு காற்றை விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் முனையில் ஒரு துளி நின்று, அங்கேயே காயும்.

கரைப்பதிலும் கவனம் வேண்டும். தனிக் கிண்ணத்தில் கலக்குங்கள். கப்பில் முதலில் இரண்டு துளி தின்னர் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்), அதன்மேல் கலவை. கிண்ணத்தின் சுவரில் பிரஷால் இழுத்தால் பால் போல வழிந்து மெல்லிய படலம் நிற்க வேண்டும். டாமியா அக்ரிலிக்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்று அதன் எக்ஸ்-20ஏ தின்னரோடு தொடங்கலாம். அது ஆல்கஹால் வகை. வல்லேஹோ போன்ற நீர்வகைப் பெயிண்டில் அந்தத் தின்னரையோ லேக்கர் (வீரியமான கரைப்பான் வகைப் பெயிண்ட்) தின்னரையோ ஊற்றினால் கப்புக்குள்ளேயே கட்டிதட்டி ஜெல்லியாகிவிடும். ‘அக்ரிலிக்’ என்று இரண்டு பாட்டிலிலும் எழுதியிருப்பதை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம்.

அதிகமாகக் கரைத்துக் கிட்டத்தில் அடித்தால் பெயிண்ட் சிலந்திக் கால் போல ஓடும். தூரத்திலிருந்து அடித்தால் வழியிலேயே காய்ந்து உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக விழும்.

கேள்வி: வண்ணம் மாற்றும் ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மீதியைக் கொட்டி, கப்பைத் துணியால் துடையுங்கள். நீர்வகைப் பெயிண்ட் என்றால் முதலில் தண்ணீர் அல்லது அதன் கிளீனர். வலுவான தின்னர் அதற்குப் பிறகுதான். கால் கப் ஊற்றி, பழைய பிரஷால் மூலைகளைக் கிளறி, கழுவுகிற ஜாடிக்குள் அடித்துவிடுங்கள். மறுபடி கால் கப். இப்போது முன் மூடியை ஈரத்துணியால் மெல்ல அடைத்து, காற்றோடு டிரிகரைக் கொஞ்சம் இழுத்தால் கப்பில் குமிழி கிளம்பும். நாசிலில் ஒளிந்திருந்த பெயிண்ட் மேலே வரும். கப் நிறைய வைத்துக்கொண்டு இதைச் செய்தால் முகத்தில்தான் தெறிக்கும். வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்து, நிறமே விழாமல் போகும் வரை தொடருங்கள். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போனால் பாதி வேலை குறையும். மெட்டாலிக் கடைசியில், அதன் துகள் எங்காவது தங்கியிருந்து நாளை வெள்ளை அடிக்கும்போது மின்னும்.

நாள் முடிவில் மட்டும் ஊசியைக் கழற்றுங்கள், அதுவும் அலசிய பிறகே. அழுக்கோடு பின்னால் உருவினால், ஏர்பிரஷின் நடுவில் ஊசியைச் சுற்றியுள்ள சீலில் பெயிண்ட் ஒட்டி டிரிகர் பிசுபிசுக்கும். ஊசியைத் துடைக்கும்போது அடியிலிருந்து முனைப் பக்கமாகச் சுழற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் முனை வளையும், விரலிலும் குத்தும். நாசிலைத் தட்டின் மேல் வைத்துக் கழற்றுங்கள், கழுவு தொட்டியின் மேல் வேண்டாம். தின்னரில் பத்து நிமிடம் ஊறட்டும். உள்ளே கம்பியோ குண்டூசியோ விடாதீர்கள். ஏர்பிரஷ் உடம்பை முழுதாக ஊறவைத்தால் கீழே காற்று வால்விலுள்ள ரப்பர் வளையம் உப்பிவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரிலும் வெகுநேரம் போடாதீர்கள், பித்தளைக்கும் முலாமுக்கும் ஆகாது.

கேள்வி: கழுவி மாட்டியதிலிருந்து, மூடியை அடைக்காமலே கப்பில் குமிழி வருகிறது.

பதில்: முன்னால் போக வேண்டிய காற்று கப்புக்குத் திரும்புகிறது. நாசில் சரியாக உட்காரவில்லையா, மூடி தளர்ந்ததா, வளையம் ஏதாவது தட்டிலேயே தங்கிவிட்டதா என்று பாருங்கள். பிறகு நாசிலுக்குள் காய்ந்த பெயிண்ட். இவை எதுவும் இல்லையென்றால் நாசிலில் விரிசல்: ஊசியை மாட்டும்போது பலமாகத் தள்ளுவதால் அதன் நுனி ஊதுகுழல் வாய் போல விரிந்து பிளக்கும். லென்ஸில் தெரியும். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, புது நாசில்தான். அப்படியே ஊசி முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறினால் அதுவும் வளைந்திருக்கிறது.

கேள்வி: அல்ட்ராசானிக் கிளீனர் (ஒலி அதிர்வால் கழுவும் கருவி) வாங்கலாமா?

பதில்: மேலே சொன்னபடி கழுவினால் தேவைப்படாது. அந்தப் பணத்தில் உபரி நாசிலும் ஊசியும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: என்95 மாஸ்க் போட்டு அறையில் லேக்கர் அடிக்கிறேன். வாசனை வருகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. என்95 துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. லேக்கருக்குக் கரைப்பான் ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் அதன் முன்னால் துகள் வடிகட்டியும் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். ஸ்ப்ரே பூத் (உள்ளே வைத்துப் பெயிண்ட் அடிக்கும் கூண்டு) வாங்கினால் குழாய் வழியாகக் காற்றை வெளியே தள்ளுவதாகப் பாருங்கள். பஞ்சு வடிகட்டி மட்டும் வைத்து அறைக்குள்ளேயே திருப்பிவிடும் பூத், பெயிண்ட் தூசியைக் குறைக்குமே தவிர ஆவியை அல்ல. கார்ட்ரிட்ஜ் பயன்படுத்தாதபோதும் காற்றிலுள்ளதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். ரெஸ்பிரேட்டர் முகத்தில் சரியாகப் பொருந்தியும் வாசனை வந்தால் அன்றைக்கே கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள்.