அரமும் அலையும்: வாசகர் கேள்விகள்

(போன மாதம் இந்தப் பக்கத்தில், ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக உரிமம் வாங்கி வானொலியில் பேசுகிறவர்கள்) 24 கிகாஹெர்ட்ஸ், 47 கிகாஹெர்ட்ஸ் என்று மில்லிமீட்டர் அலைகளில் பேசும் கருவிகளை வீட்டிலேயே செய்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.)

ஐயா, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுகளில் இருக்கும் 24 கிகாஹெர்ட்ஸ் சென்சார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதை வைத்து நண்பனோடு பேச முடியுமா?
*பொறியியல் மாணவர், திருச்செங்கோடு*

தம்பி, முதலில் உரிமம். ஹாம் தேர்வு எழுதி, அழைப்புக் குறி வாங்கி, உங்கள் உரிமத்தில் எந்தெந்த அலைவரிசை இருக்கிறது என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள். சர்வதேசப் பட்டியலில் 24 முதல் 24.05 வரை ஹாம்களுக்கு முதல் உரிமை. அதற்கு மேல் 24.25 வரை மற்றவர்களுக்கு வழிவிட்டுத்தான் இருக்க வேண்டும். உங்கள் சென்சார் 24.125-இல் உட்கார்ந்திருக்கும்.

தேர்வு முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். சென்சாரின் வெளியீட்டுக் காலில் ஒரு சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபையரை இணைத்து ஹெட்போனில் கேளுங்கள். நீங்கள் அதை நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்தால் சுமார் 160 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் கேட்கும். வேகமாக நடந்தால் சுருதி ஏறும். மின்விசிறியை நோக்கி வைத்தால் ஒரு வண்டே வந்துவிடும். டாப்ளர் விளைவைப் புத்தகத்தில் படிப்பதைவிட இது சீக்கிரம் மண்டையில் ஏறும்.

டி.டி.எச். சந்தாவை நிறுத்திவிட்டோம். மொட்டை மாடியில் டிஷ் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. எதற்காவது ஆகுமா, இல்லை பழைய இரும்புக்காரருக்குப் போடலாமா?
*ஆசிரியை, தூத்துக்குடி*

போடாதீர்கள்! மில்லிமீட்டர் அலைக்கு ஏறுகிற படிக்கட்டில் அதுதான் முதல் படி.

கிழக்குத் தீர்க்கரேகை 26 டிகிரிக்கு மேலே, 2018 நவம்பரில் ஏவிய கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோள் நிற்கிறது. அதில் ஹாம்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கியூ.ஓ.-100 என்று பெயர். 10489.5 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். இது மூன்று சென்டிமீட்டர் அலைதான், மில்லிமீட்டர் இல்லை. ஆனால் கையும் காதும் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

உங்கள் ஊரிலிருந்து அது மேற்கே, ஒரு துளி தெற்காக, அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். டிஷ்ஷின் முன்னால் கையில் நிற்கும் எல்.என்.பி. என்ற வாங்கித் தலையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் 9750 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சிக்னல் 740 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி வரும். கம்ப்யூட்டரில் செருகும் மலிவான எஸ்.டி.ஆர். (மென்பொருள் ரேடியோ) குச்சியே அதைக் கேட்கும். எல்.என்.பி. பி.எல்.எல். வகையாக (அலைவரிசையைப் பூட்டி வைக்கும் வகை) இருந்தால் குரலின் சுருதி நகராமல் நிற்கும். பழைய வகையாக இருந்தால் பேசுகிறவர் ஊஞ்சலில் ஆடுவதுபோல் சுருதி போய்ப் போய் வரும். எல்.என்.பி.க்கு 13 வோல்ட் கொடுங்கள். 18 கொடுத்தால் நின்றுகொண்டு வரும் அலையை விட்டுப் படுத்துக்கொண்டு வரும் அலைக்குத் திரும்பிவிடும்.

எங்கள் பட்டறைக்கு ஒருவர் பித்தளைக் கட்டை கொண்டுவந்து, 4.4 மி.மீ. துளை, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ரேடியோவுக்கு என்கிறார். ரேடியோவில் துளைக்கு என்ன வேலை?
*லேத் பட்டறைக்காரர், கணபதி, கோவை*

அவரை விரட்டிவிடாதீர்கள். அவர் கேட்டது சரிதான்.

சாதாரண ரேடியோவில் சிக்னல் கம்பியில் போகும். 47 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளமே 6.4 மி.மீ. தான். கம்பியில் விட்டால் பாதி வழியிலேயே கரைந்துபோகும். அதனால் தண்ணீர் மாதிரி குழாயில் விடுகிறோம். அந்தக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு: ஓர் அளவுக்குக் கீழே உள்ள அலையை உள்ளேயே விடாது. வட்டக் குழாய்க்குக் கணக்கு சுலபம். 176-ஐ உள்விட்ட மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் என்று வரும். 4.4-க்கு 40. ஆக 47 சௌகரியமாகப் போகும்.

இந்தக் கணக்கை மதிக்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தொலைபேசித் துறையில் மைக்ரோவேவ் கோபுரங்களைப் பராமரித்தே ஓய்வு பெற்றவன் நான். துறையில் எல்லாம் அச்சடித்த மாதிரி தயாராக வரும்; யாரும் குழாய் அறுத்ததில்லை. ஓய்வுக்கு அப்புறம் 10.368 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு ஹார்ன் (புனல் மாதிரியான ஆன்டெனா) செய்ய ஏசி மெக்கானிக் ஒருவரிடம் முக்கால் இஞ்ச் செப்புக் குழாய் வாங்கினேன். வெளிவிட்டம் 19 மி.மீ. அறுத்து, தட்டி, சாலிடர் வைத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சிக்னல் மட்டும் வரவில்லை. மூன்று நாள் டயோடை மாற்றிப் பார்த்தேன், கேபிளைச் சந்தேகப்பட்டேன். நாலாம் நாள் வெர்னியரை எடுத்து உள்ளே அளந்தால் 17. வகுத்துப் பாருங்கள்: 10.35. நான் போக நினைத்த வாசலின் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! அடுத்த அளவுக் குழாய், உள்ளே 20 மி.மீ. இருப்பதை வாங்கினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 24-க்கு வேண்டுமானால் மூன்றெட்டு (3/8) இஞ்ச் குழாய் போதும். உள்ளே 8 மி.மீ. இருக்கும், வாசல் 22.

இனி அந்தக் கண்ணாடி விஷயம். இந்த அலைகளில் மின்சாரம் உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும். 24 கிகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் அரை மைக்ரானைக்கூடத் தொடாது. டிரில் விட்ட கோடுகளெல்லாம் அதற்கு மேடு பள்ளமான மண் ரோடு. ஆகவே டிரில்லோடு நிறுத்தாமல், துளையை வழவழப்பாக்க ரீமர் விடுங்கள். வாய் ஓரத்தில் பிசிறு நிற்கக் கூடாது. நகத்தால் வருடிப் பார்த்தால் தெரியும். அழகுக்கு நிக்கல் முலாம் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், மேல்தோலே நிக்கலாகிவிடும். கூலி தாராளமாகக் கேளுங்கள். நாலு பேர் திருப்பி அனுப்பிய பிறகுதான் அவர் உங்களிடம் வந்திருப்பார்.

இரண்டு 24 கிகாஹெர்ட்ஸ் செட் செய்தோம். மாடிக்கு மாடி நன்றாகக் கேட்கிறது. 8 கி.மீ. தள்ளி வைத்தால் ஒன்றுமே இல்லை. பவர் போதவில்லையா?
*உரிமம் பெற்ற இரு நண்பர்கள், ஈரோடு*

பவர்மேல் பழி போடாதீர்கள். இடையில் மரமோ கட்டடமோ இல்லையென்றால் 8 கி.மீ.க்குச் சில மில்லிவாட் போதும். உங்களுக்குத் தொலைந்திருப்பது திசை, இல்லாவிட்டால் அலைவரிசை. இரண்டும் ஒன்றாகத் தொலைந்திருந்தால்தான் பைத்தியம் பிடிக்கும்.

60 செ.மீ. டிஷ்ஷின் கற்றை இந்த அலைவரிசையில் ஒன்றரை டிகிரி அகலம்தான். 8 கி.மீ. போனதும் அது சுமார் 210 மீட்டர் அகல வெளிச்சம். அதுவும் நீங்கள் வைத்திருப்பது டி.டி.எச். டிஷ் என்றால் இன்னொரு சூது இருக்கிறது. அது பார்க்கும் இடம் ஒன்று, பார்ப்பதுபோல் தோன்றும் இடம் வேறு. செங்குத்தாக நிறுத்தினால் அடிவானத்தைப் பார்க்காது. இருபது டிகிரிக்கு மேல் அண்ணாந்து காக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர் மாடியைப் பார்க்க வேண்டுமானால் டிஷ் முன்னால் குனிந்து, தரையில் விழுந்த காசைத் தேடுவதுபோல் நிற்க வேண்டும்.

எத்தனை டிகிரி குனிய வேண்டும் என்று கண்டுபிடிக்க என் வழி: துணியில் வைத்துத் தைக்கும் கண்ணாடிச் சில்லுகளில் ஐந்தாறை டிஷ்ஷில் அங்கங்கே ஒட்டுங்கள். சூரியனை நோக்கித் திருப்பி, எல்லாச் சில்லுகளின் வெளிச்சமும் ஹார்ன் வாயில் ஒன்றாக விழும்படி வையுங்கள். இப்போது டிஷ் பார்ப்பது சூரியனை. அந்த நேரத்துச் சூரிய உயரத்தை மொபைலில் பார்த்து, டிஷ்ஷின் சாய்வோடு கழித்தால் கணக்கு முடிந்தது. சில்லுதான் ஒட்ட வேண்டும். நான் முதல் தடவை ஆசைப்பட்டு டிஷ் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடியை உருக்கியவன்.

அடுத்தது அலைவரிசை. செட்டுக்கு அலைவரிசை தரும் சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால் 24 கிகாஹெர்ட்ஸில் 480 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போயிருப்பீர்கள். ஒற்றைப் பக்கப் பட்டை (எஸ்.எஸ்.பி.) என்ற முறையில் பேசும் குரலின் அகலம் 3 கிலோஹெர்ட்ஸ்கூட இல்லை. நூற்றைம்பது வீடு உள்ள தெருவில் கதவு எண் தெரியாமல் தட்டுவது மாதிரி. மாடிக்கு மாடி வைத்தபோது பக்கத்திலேயே நின்று டயலைத் திருப்பிப் பிடித்துவிட்டீர்கள். அங்கே வெயிலில் வைத்ததும் அது நகர்ந்திருக்கும். ஜி.பி.எஸ். கட்டுப்பாட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் தரும் பெட்டி இரண்டு வாங்கி, இருபுறமும் அதற்கே எல்லாவற்றையும் பூட்டுங்கள். பிறகு தேட வேண்டியது திசை ஒன்றைத்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஜனவரிக் காலையில் எங்களுக்குக் கேட்கவில்லை. நண்பர் குன்னூர் லாம்ப்ஸ் ராக்கில், நான் கோவையில் மாடியில், நடுவில் சுமார் 40 கி.மீ. இரண்டு மணி நேரம் போனிலேயே சண்டை போட்டோம். கடைசியில் பார்த்தால், அவர் ஹார்னைக் கழற்றி மாட்டும்போது 90 டிகிரி திருப்பி மாட்டியிருக்கிறார். என் அலை நின்றுகொண்டு போகிறது, அவருடையது படுத்துக்கொண்டு கேட்கிறது! திருப்பியதும் கணீரென்று வந்தது. உங்கள் இரண்டு ஹார்னையும் மார்க்கர் பேனாவால் மேல்பக்கம் குறித்துவையுங்கள்.

மில்லிமீட்டர் அலையைக் கண்டுபிடித்ததே நம் ஜெகதீச சந்திர போஸ்தான் என்கிறார்களே?
*வரலாற்று ஆசிரியர், காரைக்குடி*

கொஞ்சம் குறைத்துச் சொன்னாலே போஸுக்குப் பெருமைதான். ரஷ்யாவில் லெபதேவ் 1895-இலேயே 6 மி.மீ. அலையை உண்டாக்கியிருந்தார். போஸ் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 5 மி.மீ. வரை, அதாவது 60 கிகாஹெர்ட்ஸ் வரை போனார். அவரிடம் எனக்குப் பிடித்தது கருவிகள்தான். ஹார்ன் ஆன்டெனா, குழாய் வழி, கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை உணர்கருவியாக்கியது (1904-இல் அமெரிக்கக் காப்புரிமை) எல்லாம் இன்றைக்கும் நாங்கள் செய்வதன் தாத்தாக்கள்.

மேலே ஹார்னைத் திருப்பி மாட்டிய கதை சொன்னேனே, அந்த நிற்கும் அலை, படுக்கும் அலை விஷயத்தைக் காட்ட அவர் எடுத்த சாமான் என்ன தெரியுமா? பிராட்ஷா ரயில்வே கால அட்டவணை! பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகினார். புத்தகத்தை ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை போகும், திருப்பிப் பிடித்தால் போகாது. முறுக்கிய சணல் நாரையும் வைத்து அலையின் தளத்தைத் திருப்பிக் காட்டினார். உங்கள் வகுப்பில் செய்ய வேண்டுமானால் அந்த 24 கிகாஹெர்ட்ஸ் கதவு சென்சாரும், சமையலறை அலுமினியத் தாளும், ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியும் போதும்.

சென்னையில் எந்த மாதம் மில்லிமீட்டர் அலையில் பேச நல்லது?
*வாசகர், பெசன்ட் நகர்*

உங்களுக்கு எந்த மாதமும் சுமார்தான். 22 கிகாஹெர்ட்ஸில் நீராவி அலையை உறிஞ்சும். 24 அதற்குப் பக்கத்து வீடு. கடற்கரைப் புழுக்கத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் அரை டெசிபெல் (சிக்னல் வலிமையின் அலகு) போய்விடும், 50 கி.மீ.க்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஜனவரி விடியற்காலையில் அதில் கால் பங்கு இருந்தால் அதிகம். மில்லிமீட்டர்க்காரர்கள் குளிரில் மலை ஏறுவது அதற்காகத்தான். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் தொட்டபெட்டா, ஒருவர் கோடநாடு. குரங்குக் குல்லா அவசியம். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அது நம்மைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும்.